பொம்மை போனது, பெட்டி இருந்தது

ஜெர்சி சிட்டியில் நாங்கள் குடியிருந்தது மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மாள். அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தவர். பள்ளி நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் தேதி வாடகை கைக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் நம் விஷயத்தில் தலையிட மாட்டார். எனக்கு ஹெச்-4 விசா. கணவர் வேலைக்குப் போகலாம், நான் போகக் கூடாது. 2012-ல் சட்டம் அப்படி. படித்த படிப்பைப் பரணில் போட்டுவிட்டு, நியூவார்க் அவென்யூவில் இருந்த நம்மூர்க் கடைகளில் துணி வாங்கி எனக்கும் தோழிகளுக்கும் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். காசு வாங்குவதில்லை. வாங்கினால் அதற்குப் பெயர் வேலை. ஒருத்தி முறுக்கு சுற்றிக் கொடுப்பாள், இன்னொருத்தி காரில் கோயிலுக்கு அழைத்துப்போவாள், கணக்கு நேராகிவிடும்.

மெஷின் சத்தம் மரத்தரை வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு நாள் அந்த அம்மாள் படியேறி வந்தார். தைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை, அதுதான் தெரிந்துவிட்டதே. "ரொம்பச் சின்னதாகத் தைக்க வருமா?" என்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டி அளவு காட்டினார். சட்டைக் கையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். முழுச் சட்டையே அவ்வளவுதான் என்பது அவர் பெட்டியைத் திறந்த பிறகு தெரிந்தது.

கறுப்பு வினைல் பெட்டி. மூடியில் குதிரைவால் கொண்டை போட்ட பார்பியின் படம். மடிப்பிலெல்லாம் வெடிப்பு. திறந்ததும் இனிப்பும் மக்கலும் கலந்த ஒரு வாடை அடித்தது. பழைய பிளாஸ்டிக்கை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய், வயதானால் அப்படித்தான் கசியும். ஒரு பக்கம் பொம்மை நிற்க இடம். இன்னொரு பக்கம் குறுக்குக் கம்பியில் விரல் நீள ஹேங்கர்கள், ஒவ்வொன்றிலும் ஓர் உடை. அடியில் செருப்பும் கைப்பையும் போட ஒரு சின்ன இழுப்பறை.

பொம்மையும் பழசுதான் என்று நினைத்துக் கையில் எடுத்தேன். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட நீச்சலுடை, வில்லாக வளைந்த புருவம், நிறமே இல்லாத வெள்ளைக் கண்மணி, யாரையோ ஓரக்கண்ணால் அளந்துபார்க்கிற பார்வை. 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட பார்பியின் முகம் இதுதான். ஆனால் இந்தப் பொம்மை நகல். 35-ஆம் ஆண்டு நிறைவுக்காக 1994-ல் மேட்டல் நிறுவனமே பழைய முகத்தில் மறுபடி வார்த்து விற்றது. "அசல் கையில் கனக்கும். பாதத்தில் ஓட்டை இருக்கும், ஓட்டைக்குள் செப்புக் குழாய். தாங்கியில் இருக்கும் முள்ளில் செருகி நிறுத்துவோம். இவள் இலேசு" என்றார். உடைகளைத் தொட்டுக்காட்டி, "இவை மட்டும் அசல்" என்றார்.

அசல் உடைகள் இருக்க அசல் பொம்மை எங்கே போனது? அது அவர்கள் குடும்பத்துக்குள் நாற்பத்தைந்து வருஷமாக ஓடிய வழக்கு. 1960-ல் ஏழு வயதுப் பெண்ணாக அவர் பிறந்தநாளுக்கு வாங்கிய பொம்மை அது. விலை 3 டாலர். 1967-ல் இடுப்பு திரும்புகிற, நிஜ இமைமயிர் வைத்த புதுப் பார்பி வந்தபோது, பழையதைக் கொண்டுவந்து கொடுத்தால் 1.50 டாலருக்குப் புதியதைத் தருகிறோம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது, பொம்மை பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. தங்கை ஒரு வார்த்தை சொல்லாமல் பொம்மையை எடுத்துக்கொண்டு போய் மாற்றிவிட்டாள். துணிகளை யாரும் கேட்கவில்லை, அதனால் பெட்டி தப்பித்தது.

தங்கை தரப்பையும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவரே என்னிடம் வாதாடினார்: "காது பச்சையாகிப்போன பொம்மையை யாராவது வைத்துக்கொள்வார்களா?" அது பொய்யில்லை. முதல் வருஷங்களின் பார்பிக்குக் காதில் உலோகத் தோடு. அதன் செம்பு வினைலோடு வினைபுரிந்து காதைச் சுற்றிப் பச்சையாகப் படரும். சேகரிப்பாளர்கள் இதைப் பச்சைக் காது என்றே சொல்கிறார்கள். முகப்பருவுக்குப் பூசுகிற பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி, வெயில் படும் ஜன்னலோரம் நாள் கணக்கில் உட்காரவைத்தால் கறை வெளுக்கும் என்பது பிற்பாடு கண்டுபிடித்த கைவைத்தியம். 1967-ல் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பொம்மைக்கு ஏதோ வியாதி என்று பயந்திருக்கிறாள். அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை.

எனக்கு இந்த வழக்கில் வேறொன்று ருசித்தது. கம்பெனி பொம்மையைக் குறைந்த விலைக்கு மாற்றிக்கொடுத்தும் நஷ்டப்படவில்லை. அவர்கள் வியாபாரமே பொம்மையில் இல்லை, பெட்டியில் இருந்தது. பொம்மை 3 டாலர், உடைகள் 1 டாலரிலிருந்து 5 டாலர் வரை. நாலு உடை வாங்கினால் பொம்மையின் விலை தாண்டிவிடும். ஒரு முறை பொம்மை வாங்கிய வீட்டில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உடை வாங்கித்தான் ஆக வேண்டும்.

இந்த எண்ணம் ரூத் ஹாண்ட்லருக்கு ஒரு கடையில் உதித்தது. அவரும் கணவர் எலியட்டும்தான் மேட்டலை வளர்த்தவர்கள். மகள் பார்பரா தோழிகளோடு காகிதப் பொம்மைகளுக்குக் காகித உடை மாட்டி, பெரிய மனுஷிகள்போல் பேசி விளையாடுவதை ரூத் கவனித்துவந்தார். 1956-ல் குடும்பத்தோடு ஸ்விட்சர்லாந்து போனபோது ஒரு கடை ஜன்னலில் லில்லி என்ற ஜெர்மானியப் பொம்மையைப் பார்த்தார். செய்தித்தாள் கார்ட்டூனிலிருந்து பிறந்த, வளர்ந்த பெண் உருவப் பொம்மை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் உடையில் நின்றது. உடையை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். முடியாது, அந்த உடை வேண்டுமானால் அந்தப் பொம்மையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். இதை ரூத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தக் கடையில் கிடைக்காததை ஊர் திரும்பி அவரே விற்க ஆரம்பித்தார். லில்லியின் உரிமையை மேட்டல் 1964-ல்தான் விலைக்கு வாங்கியது. அதற்குள் பார்பி லட்சக்கணக்கில் விற்றுவிட்டாள். அதில் எனக்கு நெருடல் உண்டு. ஆனால் பெட்டிக்குள் தொங்கிய துணிகளைப் பார்த்தபோது நெருடல் பின்னுக்குப் போய்விட்டது.

என்ன துணிகள்! 'ஈவினிங் ஸ்ப்ளெண்டர்' என்று பெயர் வைத்த பொன்னிற புரொகேட் கோட், கை முனையில் ரோமப் பட்டை. 'சபர்பன் ஷாப்பர்' நீல வெள்ளைக் கோடு போட்ட பருத்திக் கவுன், அதற்கென்று ஓர் ஓலைக் கூடை, கூடைக்குள் பழங்கள், கூடவே ஒரு டெலிபோன். 'ஸ்வெட்டர் கேர்ள்' உடையோடு நூல்கண்டு வைத்த கிண்ணம், பின்னல் ஊசிகள், கத்தரிக்கோல், பின்னக் கற்றுக்கொடுக்கும் புத்தகம்! 'பிஸி கேல்' என்பது சிவப்புச் சூட்டு. அவளே உடை வடிவமைப்பாளர் என்பதால் கையில் வரைபடங்கள் வைத்த பை. 'சோலோ இன் தி ஸ்பாட்லைட்' மேடைப் பாடகிக்கான கறுப்பு மினுமினுப்புக் கவுன், காலடியில் டூல் துணியில் விரிந்த சுருக்கம், ஒரு ரோஜா, ஒரு மைக். எல்லாவற்றிலும் வேடிக்கை, 1959-லேயே கல்யாண கவுன் வந்துவிட்டது. மாப்பிள்ளை கென் வந்தது 1961-ல். நம் ஊரில் நிச்சயத்துக்கு முன்னால் கூறைப்புடவை எடுத்தால் பாட்டிமார் என்ன சொல்வார்கள்?

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். எலாஸ்டிக்குகள் உயிர் போய் நொறுங்கின. டிச் பட்டன்களில் துரு ஏறித் துணியில் பழுப்பு வட்டம். டூல் சுருக்கம் கிழிந்து தொங்கியது. ஒரு ஜோடிச் செருப்பு இழுப்பறையின் பிளாஸ்டிக்கோடு உருகி ஒட்டிப்போயிருந்தது. வெயில் படவில்லை, நெருப்புப் படவில்லை. இரண்டு வகைப் பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றின் எண்ணெய் மற்றொன்றைக் கரைத்துவிடும். அதைப் பிரித்தெடுப்பது என் கையில் இல்லை. துணி மட்டும் என் பொறுப்பு என்றேன்.

பொறுப்பேற்ற பிறகுதான் அதன் கஷ்டம் புரிந்தது. பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம்; மனுஷியில் ஆறில் ஒரு பங்கு. பொம்மையை ஆறில் ஒன்றாக்கலாம். துணியை ஆக்க முடியாது. நூல் அதே நூல்தான், நெசவு அதே நெசவுதான். அவள் மேல் போட்ட பாப்ளின் நமக்குப் போர்வைக் கனத்தில் துணி போட்ட மாதிரி. கால் இஞ்ச் உள்ளே விட்டுத் தைத்தால் நம் உடம்பில் அது ஒன்றரை இஞ்ச். சட்டையும் பாவாடையும் இடுப்பில் சந்திக்கிற இடத்தில் துணி, லைனிங், பட்டி என்று அடுக்கு அடுக்காகச் சேர்ந்து குண்டாகிவிடும். பார்பியின் இடுப்பு ஏன் அநியாயத்துக்கு ஒல்லி என்று கேட்டபோதெல்லாம் கம்பெனி ஆட்கள் இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள்: துணி ஏறிய பிறகு சரியாகத் தெரிய வேண்டும் என்றால் வெறும் இடுப்பு அவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும். முழுக்க நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். அந்த இடுப்பைப் பார்த்து வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு அந்த விளக்கத்தை யாரும் சொல்லவில்லை. ஆனால் தையல்காரியாகக் கேட்டால், அதில் பாதி உண்மை என்பேன்.

அந்த வருஷம் அம்மா ஆறு மாத விசாவில் வந்தாள். கும்பகோணத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு ஊருக்கே ஜாக்கெட் தைத்தவள். கண்புரை ஆபரேஷன் முடிந்து பார்வை பளிச்சென்று இருந்த சமயம். மெஷின் மேல் நான் விரித்துவைத்திருந்த புரொகேட் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, யாருக்குடி இது? குறைமாசக் குழந்தைக்கா?" என்றாள்.

பொம்மைக்கு என்றேன். "அமெரிக்காவுக்கு வந்து பொம்மைச் சட்டை தைக்கிறியா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையாலேயே கோட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். அம்மா எந்தத் துணியையும் முதலில் உள்பக்கம்தான் பார்ப்பாள். கடை ஜவுளிகளையும் அப்படித்தான், சம்பந்தி வீட்டார் கொடுத்த ஜாக்கெட்டையும் அப்படித்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. நகத்தால் தையலை எண்ணினாள். லைனிங் மடிப்பை விரலால் தடவினாள். பக்கத்தில் கிடந்த கவுனின் ஜிப்பை ஏற்றி இறக்கினாள். அந்தப் பொடி ஜிப்பு அத்தனை வருஷத்துக்குப் பிறகும் சிக்காமல் ஓடியது.

"நம்ம ஜாக்கெட்டை விட நெருக்கமா ஓடியிருக்கு. பட்டன் கையால வெச்சிருக்கு. முடிச்சைத் துணிக்குள்ள ஒளிச்சிருக்கா பாரு. இது ஃபேக்டரி இல்லடி. வீட்டுல உக்காந்து எவளோ தெச்சிருக்கா."

எவளோ. அம்மா கண்டுபிடித்தது சரி. கீழ் வீட்டு அம்மாள் நூலகக்காரர் அல்லவா, அவரிடம் கேட்டால் புத்தகமாகக் கொண்டுவந்து குவித்தார். மேட்டல் உடை வடிவமைப்புக்குத் தேர்ந்தெடுத்தது ஷார்லட் ஜான்சன் என்பவரை. லாஸ் ஏஞ்சலிஸில் ஷுனார்ட் கலைப் பள்ளியில் ஆடை வடிவமைப்பு கற்பித்தவர். பொம்மை கடைக்கு வருவதற்கு முன்பே அவரை டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். பொம்மையை வார்ப்பது ஜப்பானில். துணியும் அங்கேயே, தையலும் அங்கேயே. கூலி குறைவு என்பது முதல் காரணம், மறைக்க ஒன்றுமில்லை. ஃபிராங்க் லாய்டு ரைட் கட்டிய இம்பீரியல் ஹோட்டலில் ஷார்லட் மாதக்கணக்கில் தங்கி, மாதிரி உடைகளை வெட்டித் தைத்துப் பார்த்தார். பொம்மை அளவுக்குப் பொருந்துகிற பொடிப் பூ, மெல்லிய கோடு போட்ட துணிகளைத் தேடினார். அவரோடு உட்கார்ந்து தைத்தவர்களில் மியாத்ஸுகா ஃபுமிகோ என்ற ஜப்பானியப் பெண் பின்னாளில் தன் பார்பி வருஷங்களைப் புத்தகமாகவே எழுதினார். அவர் பெயர் தெரிகிறது. மாதிரி தயாரான பிறகு ஆயிரக்கணக்கில் உடைகளைத் தைத்துக் கொடுத்தவர்கள் வீட்டிலிருந்தபடி கூலிக்குத் தைத்த பெண்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தைத்தவர்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "உருப்படிக் கூலின்னா சின்னத் துணிக்குக் கம்மியாத்தான் குடுத்திருப்பான். பாவிப் பய. சின்னதுக்குத்தான் கண்ணு போகும்" என்றாள். எங்கள் ஊரில் அவளுக்கும் அந்த அனுபவம் உண்டு. குழந்தைப் பாவாடை சட்டைக்குப் பாதிக் கூலிதான் தருவார்கள், வேலை முழு ஜாக்கெட்டை விட அதிகம். கையைத் திருப்பிப் போட முடியாது, கழுத்தை வளைக்கும்போது மெஷின் கால் இடிக்கும். ஒரு ஜப்பானிய வீட்டில் 1959-ல் அதே மெஷின் காலோடு மல்லுக்கட்டிய பெண்ணைப் பற்றி அம்மா அன்று பூராவும் பேசிக்கொண்டிருந்தாள், பக்கத்துத் தெருக்காரியைப் பற்றிப் பேசுவதைப்போல. "அவளுக்குக் கழுத்து வலி இருந்திருக்கும்டி" என்று சமையலறையிலிருந்து ஒரு தடவை குரல் கொடுத்தாள்.

அன்றிலிருந்து வேலை அம்மாவுடையது. நான் நூல் கோத்துக் கொடுத்தேன், மொழிபெயர்த்தேன். துருப்பிடித்த டிச் பட்டனை எடுக்கலாமா கூடாதா என்பதில் பெரிய வாக்குவாதம். சேகரிப்பவர்கள் சட்டப்படி எடுக்கக் கூடாது. அசல் பட்டன் துருவோடு இருந்தாலும் அசல். அம்மா கட்சி, துரு துணியைத் தின்னும், இன்னும் பத்து வருஷத்தில் பட்டன் இருக்கும், துணி இருக்காது. வீட்டுக்கார அம்மாள் இரண்டையும் கேட்டுவிட்டு, "எடுக்கச் சொல்லுங்கள்" என்றார். எடுத்த பட்டன்களை உறையில் போட்டு, எந்த உடையுடையது என்று எழுதிவைத்துக்கொண்டார். நூலகப் புத்தி.

பெட்டியின் அடியில் இன்னொரு பொட்டலம் இருந்தது. அவருடைய அம்மா வீட்டில் தைத்த பொம்மை உடைகள். அந்தக் காலத்தில் பதினொன்றரை அங்குலப் பொம்மைக்கென்றே காகித வெட்டுமாதிரிகள் கடைகளில் கிடைத்தன. மிச்சத் துணியில் தாய்மார்கள் தைத்துக்கொடுத்தார்கள். இந்தப் பொட்டலத்தைத் திறக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. அம்மா ஒரு கவுனை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். "சகிக்கலை. இந்த அம்மாவோட அம்மாவுக்குத் தையல் வராதுடி" என்றாள். மொழிபெயர்க்கவா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். "அவளுக்குத் தையலே பிடிக்காது. திட்டிக்கொண்டேதான் தைப்பாள்" என்றார். இரண்டு பேரும் அந்தக் கோணல் கவுனை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அக்டோபரில் ஒரு ஹோட்டல் அரங்கில் பொம்மைச் சந்தை. எங்களையும் அழைத்துப்போனார். நீள மேஜைகள், மேஜை பூராவும் கண்ணாடிப் பெட்டிகள், டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகக் குனிந்து நிற்கிற மனிதர்கள். பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுக்கவே எடுக்காமல் வைத்திருந்தால் அதற்குத் தனி மரியாதை, தனி விலை. எனக்கு அந்த மரியாதை பிடிபடவே இல்லை. உடை மாற்றத்தான் அந்தப் பொம்மையே பிறந்தது. அட்டைக்குள் ஒரே உடையில் ஐம்பது வருஷம் நிற்பதற்கு அதை ஏன் செய்ய வேண்டும்? ஒரு வியாபாரி எங்கள் பெட்டியைப் புரட்டினார். வீட்டில் தைத்தவற்றைப் பார்க்காமலே ஒதுக்கினார். அம்மா மாற்றிய பட்டன்களுக்கு நாக்கை 'ச்சு' கொட்டினார். 'ரோமன் ஹாலிடே' உடையை எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கோட்டு, கண்ணாடி, அதன் உறை, கைக்குட்டை, சீப்பு எல்லாம் இருந்தன. "காம்பாக்ட் எங்கே?" என்றார். முகப்பவுடர் டப்பா, விரல் நகத்தளவுதான், மேலே பி என்ற எழுத்து இருக்கும். அது தொலையாமல் மிஞ்சிய வீடுகள் மிகக் குறைவு. அது இருந்தால் மொத்த உடையின் மதிப்பும் வேறு.

வீட்டுக்கார அம்மாள் உடனே சொன்னார்: "என் தங்கையிடம் இருக்கும்." வழக்கில் புதுப் பிராது சேர்ந்துவிட்டது. அன்றிரவே போன் போட்டார். தங்கை சத்தியம் செய்து மறுத்ததாகக் கேள்வி.

விற்கத்தான் போனாரா என்று நான் கேட்கவில்லை. விற்கவில்லை என்பது மட்டும் தெரியும். திரும்பி வரும்போது காரில், "உங்கள் அம்மாவால் இவளுக்கு ஒரு சேலை தர முடியுமா?" என்றார்.

அம்மா ஒத்துக்கொண்டாள், கௌரவப் பிரச்சினை. என் பழைய பட்டுப் பாவாடையின் ஓரத்தை வெட்டிச் சுற்றிப் பார்த்தாள். கொசுவம் மடியவில்லை, குடையாக விரிந்து நின்றது. துணி ஆறு மடங்கு கனம் அல்லவா? ஜரிகை போகட்டும் என்று வெறும் பட்டு, அப்புறம் ஷிஃபான், கடைசியில் துவைத்துத் துவைத்து நைந்துபோன அப்பாவின் மல் வேட்டி. மல் வேட்டி கொஞ்சம் சொன்னபடி கேட்டது. ஆனாலும் இடுப்பில் செருக இடம் வேண்டாமா? பாவாடை நாடா கட்டினால் அந்த வழுக்கு இடுப்பில் நிற்காமல் நழுவியது. நம் மரப்பாச்சிக்கு நவராத்திரிதோறும் அவள் ஐந்து நிமிஷத்தில் துணி கட்டிவிடுவாள். மரத்துக்கு இடுப்பும் இல்லை, நழுவலும் இல்லை. "இவளுக்குப் புடவை கட்டணும்னா இவளை இன்னும் நாலு வேளை சாப்பிட வெக்கணும்" என்று எழுந்துவிட்டாள். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் மெஷின் மேல் வேட்டித் துணியில் கொசுவத்தைத் தைத்தே வைத்து, பின்னால் டிச் பட்டன் போட்ட சேலை. தோற்றுப்போன எரிச்சலில் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பொம்மை அதை உடுத்திக்கொண்டு கீழ் வீட்டு அலமாரியில் கொஞ்ச காலம் நின்றது, பிறகு மறுபடி நீச்சலுடைக்கு மாறிவிட்டது.

அம்மா ஊருக்குக் கிளம்பும் சமயம் கூலிப் பேச்சு வந்தது. அந்த அம்மாள் எவ்வளவு தர வேண்டும் என்று நேராகக் கேட்டார். சுற்றுலா விசாவில் வந்தவள் கூலி வாங்கக் கூடாது என்று நான் குறுக்கே விழுந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கீழே போய், அவருடைய அம்மாவின் ஜிக்ஜாக் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். கறுப்புப் பிடி, இரும்புக் கனம், வாயில் பல் பல்லாக வெட்டு. வெட்டின இடத்தில் துணி பிசிறாது. வாயோரம் விஸ் என்று பொறித்திருந்தது. 1848-ல் தொடங்கி, பக்கத்து ஊரான நியூவார்க்கில் தலைமுறை தலைமுறையாகக் கத்தரிக்கோல் செய்த கம்பெனி. தையல் பிடிக்காத பெண்மணி என்பதால் அதில் தேய்மானமே இல்லை.

செக்-இன் பெட்டியில் மூன்று துண்டில் சுற்றி அது கும்பகோணம் போய்ச் சேர்ந்தது. நாலைந்து வருஷம் கழித்து முனை மழுங்கியபோது தெருவில் வந்த சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இதுல கை வெச்சா பல்லு போயிடும்மா, இதை எந்த ஊர்ல வாங்குன?" என்றாராம். இப்போதும் லைனிங் ஓரம் வெட்ட மழுங்கின அதைத்தான் எடுக்கிறாள், இரண்டு கையாலும் அழுத்தி. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்டால், "அமெரிக்காவுல தெச்சதுக்குக் குடுத்த கூலி" என்று ஊரெல்லாம் சொல்கிறாள். விசா ஆபீஸில் யார் காதிலாவது விழப்போகிறது என்று போனில் நான் கத்துவது அவள் காதில் ஏறுவதில்லை.